பாகூர் ஏரிக்கரையில் ஏழு நிமிட இரவு: பிழைத்திருக்க ஒரு கையேடு

இந்தக் கையேடு புதுவையின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வசிப்பவர்களுக்காகவும், கோடை விடுமுறைக்கு அங்கே வந்து இறங்குகிற உறவுக்காரப் பிள்ளைகளுக்காகவும் எழுதப்படுகிறது. நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுக்காரர்கள் சொந்தப் பொறுப்பில் பின்பற்றலாம். அரியாங்குப்பத்துக்காரர்களுக்கு யாரும் யோசனை சொல்லிப் பழக்கமில்லை. அவர்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

ஆபத்து இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மைன்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில் பகல் 10 நிமிடம், அந்தி ஒன்றரை நிமிடம், இரவு 7 நிமிடம், விடியல் ஒன்றரை நிமிடம். 20 நிமிடத்தில் ஒரு நாள் தீர்ந்துவிடும். பகலில் மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், செம்மறியின் ரோமம் கத்தரிக்கலாம், வீடு கட்டலாம். பொழுது போனதும் ஜாம்பி, எலும்புக்கூடு, சிலந்தி, க்ரீப்பர், எண்டர்மேன், சூனியக்காரி என்று ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வரும். சுவீடன்காரரான மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். 2014-இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாகிவிட்டது. பாகூர்ப் பக்கம் ஒரு செல்போனுக்கு மூன்று பிள்ளைகள் என்ற கணக்கில் ஆடுவதால், ஆடுகிறவர்களின் தொகை இந்தக் கணக்கில் சரியாக வராது.

சுவீடன்காரருக்கு இருட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கும். ஸ்டாக்ஹோமில் மார்கழி மாதம் மத்தியானம் 3 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. இருந்தாலும் அவருடைய இரவுச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசி என் ஆயா விளக்கு வைக்கிற நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவை. பங்கு கேட்டு எழுதலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. “போவட்டும் உடு, புள்ளைங்க வெளையாடுற சமாச்சாரம்” என்று ஆயா பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

விளக்கு வைத்தல்

பேய் இரவில் வரும் என்பது புதிதாக ஆடுகிறவர்களின் மூடநம்பிக்கை. அது இருட்டில் வரும். இரவும் இருட்டும் ஒன்றல்ல என்று புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 15 வரை வெளிச்ச அளவு உண்டு. ஒரு தீப்பந்தம் நட்டால் அந்த இடத்தில் 14. ஒரு கட்டம் தள்ளினால் 13, இன்னொன்று தள்ளினால் 12 என்று இறங்கிக்கொண்டே போகும். முன்பெல்லாம் அளவு 7-க்கு வந்தாலே அந்த இடத்தில் ஏதாவது ஒன்று முளைத்து நிற்கும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பந்த வெளிச்சம் சுத்தமாக 0 ஆக இருந்தால்தான் முளைக்கும், மினுக்கென்று ஒரு துளி விழுந்தாலும் முளைக்காது. “வாசல்ல ஒரு காமாட்சி வெளக்கு எரிஞ்சாப் போதும், ஒண்ணும் அண்டாது” என்பது ஆயாவின் கட்சி. ஆயா தொடக்கத்திலிருந்தே 1.18-இல்தான் இருந்தார்.

செய்முறை சுலபம். ஒரு குச்சி, ஒரு கரித்துண்டு. சேர்த்தால் நான்கு பந்தம். நிலக்கரி கிடைக்கவில்லையென்றால் மரக்கட்டையைச் சூளையில் வைத்துக் கரியாக்கிக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு கட்டத்துக்கு ஒன்றாக நடுங்கள். நடும்போது வெளிப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். இதற்கு வில்லியனூரில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

என் அக்கா மகள் அங்கே எட்டாவது படிக்கிறாள். திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரத்தை ஆட்டத்துக்குள் கட்டினாள். சுடுமண் பிளாக்குகளை அடுக்கி, நிலை நிலையாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் நடுவில் வாசல் விட்டு, சுற்றிலும் தரையில் பந்தம் நட்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளே மட்டும் விளக்கு வைக்கவில்லை. கோபுரத்துக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். இருட்டியதும் ஒவ்வொரு நிலை வாசலிலும் ஒரு எலும்புக்கூடு வந்து நின்று அம்பு விட ஆரம்பித்தது. மேல்நிலையில் இரண்டு. அவள் கட்டிய கோபுரமே அவளுக்கு எதிரான கோட்டையாகிவிட்டது. மறுநாள் ஆட்டப் பகலில் சுவரை உடைத்து ஏறி ஒவ்வொரு நிலையிலும் பந்தம் வைத்த பிறகுதான் அடங்கியது. கோபுர நிலைகளில் விளக்கேற்றி வைப்பது அழகுக்காக என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

பக்கத்திலேயே தேரும் கட்டினாள். வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். ஆட்டத்தில் பிளாக்கால் கட்டிய தேர் யார் வந்து இழுத்தாலும் நகராது. அதற்குக் கையேட்டில் தீர்வு இல்லை.

இன்னொரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கணினிப் பதிப்பில், நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து 24 கட்டத்துக்குள் எதுவும் முளைக்காது. 128 கட்டத்துக்கு அப்பால் போன பேய் அந்தக் கணமே காணாமல் போய்விடும். அதாவது பேய்கள் உங்களைச் சுற்றியிருக்கிற ஒரு வளையத்தில் மட்டும் வாழ்கின்றன. நீங்கள் போகாத ஏரிக்கரையில் ஒன்றும் கிடையாது. இந்தக் கண்டுபிடிப்பை ஆயாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. “அதத்தான்டா நானும் கேக்கறேன், ராத்திரில ஒன்ன எவன் அங்க போவச் சொன்னான்?”

குழி

முதல் நாள், கையில் பந்தமும் இல்லை, வீடும் இல்லை, பொழுது சாய்ந்துவிட்டது என்றால் நின்ற இடத்திலேயே மூன்று பிளாக் ஆழத்துக்குத் தோண்டி இறங்கித் தலைக்கு மேல் ஒரு பிளாக்கால் மூடிக்கொள்ளுங்கள். ஏழு நிமிடம் ஒன்றும் தெரியாது, ஒன்றும் வராது. மூடுவதற்கு மண்ணோ கல்லோ போதும். ஆற்று மணலை மட்டும் நம்ப வேண்டாம். ஆட்டத்தில் மணலுக்கு அந்தரத்தில் நிற்கத் தெரியாது, நேரே தலையில் விழுந்து மூச்சை அடைத்துவிடும். தென்பெண்ணைக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூசணிக்காய் இயல்

எண்டர்மேன் ஏறக்குறைய மூன்று பிளாக் உயரம். கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கை, ஊதாக் கண். அவன் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பான். யாரையும் எதுவும் செய்ய மாட்டான். நீங்கள் அவன் முகத்தைப் பார்த்தால் மட்டும் கோபம் வரும். வந்தால் ஓடிப் பயனில்லை. இங்கே நிற்பவன் மறு நொடி உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான். விளக்கு வைத்த பிறகு தெருவில் போகிற முன்பின் தெரியாத ஆளின் மூஞ்சியை உற்றுப் பார்க்காதே என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். அப்போது காரணம் சொல்லவில்லை.

பரிகாரம், பூசணிக்காய். ஆட்டத்தில் பூசணியைக் கத்தரிக்கோலால் முகம் செதுக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டால், எண்டர்மேனை நேருக்கு நேர் பார்த்தாலும் அவனுக்கு உறைக்காது. இதைப் படித்ததும் வில்லியனூர்க்காரர் எவருக்கும் வாசலில் தொங்குகிற திருஷ்டிப் பூசணிதான் ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் திசை வேறு என்பதைக் கவனியுங்கள். நாம் கண்ணும் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து மாட்டுவது, ஊரார் கண் வீட்டின் மேல் படாதிருக்க. ஆட்டத்தில் மாட்டுவது, நம் கண் அவன் மேல் படாதிருக்க. திருஷ்டி போடுகிறவன் நாம்தான் என்று ஒப்புக்கொள்கிற ஒரே பூசணி அது. தவிரவும் ஆட்டத்தில் இருப்பது ஆரஞ்சு நிறப் பரங்கிக்காய். நாம் கட்டுவது சாம்பல் பூத்த கல்யாணப் பூசணி. பரங்கிக்காயைப் போய் யாராவது திருஷ்டிக்குக் கட்டுவார்களா என்று ஆயா கேட்ட கேள்விக்கு மொஜாங் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சங்கடம். பூசணியைத் தலையில் மாட்டினால் செதுக்கிய கண் ஓட்டை வழியாகத்தான் உலகம் தெரியும். எண்டர்மேனிடமிருந்து தப்பித்துப் பள்ளத்தில் விழுந்தவர்கள் ஏராளம். நம் ஊர்ப் பூசணியும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. ஆயுத பூஜை முடிந்த இரவு, உடைத்துப் போட்ட பூசணிகளுக்கு நடுவே வில்லியனூர்ச் சாலையில் இருசக்கர வண்டி ஓட்டிப் பாருங்கள். பகைப் பிராணிகளின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்வீர்கள்.

பூசணி கிடைக்காத காலத்தில் தண்ணீரில் இறங்கி நில்லுங்கள். எண்டர்மேனுக்குத் தண்ணீர் ஆகாது, மழை பட்டாலும் அடிபடும். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஏரிக்கு வந்து, மதகு திறந்து, நடவு முடிந்து வரப்பு முட்டத் தண்ணீர் நிற்கிற காலத்தில் எண்டர்மேனால் கொம்யூனுக்குள் கால் வைக்கவே முடியாது. அறுப்பு முடிந்த பிறகுதான் ஜாக்கிரதை தேவை. இவனிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. மணல், களிமண், சரளை எது கிடைத்தாலும் இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போய் வேறெங்கோ வைத்துவிடுவான். லாரியும் கிடையாது, பர்மிட்டும் கிடையாது. யாராவது முகத்தைப் பார்த்துவிட்டால் கோபம் வேறு. இதற்கு மேல் எழுதினால் ஆட்டத்தைப் பற்றிய கையேடு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அதே செதுக்கிய பூசணியை நான்கு இரும்பு பிளாக்குகளுக்கு மேல் தலையாக வைத்தால் இரும்பு பூதம் ஒன்று எழுந்து நிற்கும். மொத்தம் 36 இரும்புக் கட்டி செலவு. ஊரைச் சுற்றிவரும், ஜாம்பியைக் கண்டால் தூக்கி எறியும், ஊர்க் குழந்தைக்குப் பூ நீட்டும். எல்லையில் ஒரு காவல் தெய்வத்தை நிறுத்துகிற இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கிற வேலை வில்லியனூர்க் குயவர்களுக்குப் பரம்பரைத் தொழில். அவர்களுடைய சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் இரும்பு பூதம் க்ரீப்பரை மட்டும் தாக்காது, கண்டும் காணாமல் போய்விடும். அய்யனார் அப்படி ஆள் பார்த்து விட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அக்கா மகள் இரண்டையும் வைத்திருக்கிறாள். ஊர் எல்லையில் சுடுமண் பிளாக்கில் குதிரை, உள்ளே பூதம்.

க்ரீப்பரும் பூனையும்

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையின் அசல் சுவீடிஷ் வடிவம் க்ரீப்பர். பெர்சன் ஒரு பன்றியைச் செய்யப் புறப்பட்டார். நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டதால் நெட்டுக்குத்தலாக, கையில்லாமல், நான்கு குட்டைக் காலோடு ஒன்று எழுந்து நின்றது. பார்த்தார். பன்றி வேறு, இது வேறு என்று இரண்டையும் வைத்துக்கொண்டார். பச்சை அடித்து, வயிற்றில் வெடிமருந்து வைத்து, ஆட்டத்தின் சின்னமாகவே ஆக்கிவிட்டார்.

க்ரீப்பர் சத்தம் போடாமல் வரும். மூன்று பிளாக் தூரத்துக்குள் வந்ததும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல். ஒன்றரை நொடியில் அதுவும் வெடித்து, நீங்களும் போய், மூன்று நாளாகக் கட்டிய வீட்டின் ஒரு மூலையும் போய்விடும். அந்த ஒன்றரை நொடியில் பின்னால் ஓடித் தள்ளி நின்றால் சீறல் அடங்கி மறுபடி நடக்க ஆரம்பிக்கும். கத்தியால் குத்திவிட்டுப் பின்வாங்குவது, மறுபடி குத்துவது என்று ஆடத் தெரிந்தவர்கள் ஆடலாம். மற்றவர்கள் பூனை வளருங்கள். க்ரீப்பருக்குப் பூனையைக் கண்டால் ஆகாது, பார்த்ததும் விலகி ஓடும். ஆட்டத்து ஊர்களில் தெருப்பூனை திரியும். பச்சை மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் அதுவாக வரும். கடலூர்த் துறைமுகத்து மீன் பாகூருக்கு வருகிற காலை நேரத்தில் கூடைக்காரம்மாவுக்குப் பின்னால் வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படாது.

இங்கேதான் ஆயாவோடு கருத்து வேற்றுமை. வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பார் ஆயா. ஆட்டத்தில் பூனை குறுக்கே போனால் நல்ல சகுனம், தைரியமாகக் கிளம்பலாம். இரண்டு உலகத்துக்கும் போய் வருகிற பிள்ளைகள் இரண்டையும் கடைப்பிடிக்கிறார்கள். பூனை போனதும் ஆட்டத்தில் முன்னேறுகிறார்கள், திண்ணையில் தண்ணீர் குடிக்கிறார்கள்.

ஜாம்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முனகிக்கொண்டே, கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நேர்க்கோட்டில் வரும். கடினமான நிலையில் ஆடினால் மரக்கதவை உடைக்கும். எல்லையோரச் சாராயக்கடைகள் மூடுகிற நேரத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பி நடக்கிறவர்களைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு ஜாம்பியிடம் பயம் கிடையாது, ஒதுங்கி வழிவிட்டுவிடுகிறார்கள். வெயில் வந்தால் ஜாம்பி பற்றி எரியும். சாராயக்கடையிலிருந்து திரும்புகிறவருக்குத் தலைவலியோடு போய்விடும். தண்ணீரில் விழுந்த ஜாம்பி மட்டும் கவலைக்குரியது. அரை நிமிடம் முங்கிக் கிடந்தால் அது உடம்பு உதறி, மூழ்கிச் செத்த ஜாம்பியாக மாறி, தண்ணீருக்குள்ளேயே குடியேறிவிடும். அக்கா மகள் பாகூர் ஏரியை ஆட்டத்தில் வெட்டியபோது, புதுவையின் இரண்டாவது பெரிய ஏரியாயிற்றே என்று தாராளமாக வெட்டிவிட்டாள். இப்போது இரவில் கரைப்பக்கம் போக முடிவதில்லை. நிஜ ஏரியில் விழுந்தவர்களைப் பற்றி ஆயாவிடமும் கதைகள் உண்டு. அவை ஆட்டத்தைவிடப் பயங்கரமானவை என்பதால் கையேட்டில் சேர்க்கவில்லை.

விடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள்

1752-இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயப் படையும், புதுவையின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் உறவினர் கெர்ழான் தலைமையில் பிரெஞ்சுப் படையும் பாகூரில் மோதின. லாரன்ஸ் தாக்கியது விடியற்காலையில். கெர்ழான் கைதியாகிவிட்டார். பாகூர் வரலாறு நமக்குத் தருகிற இந்தப் படிப்பினையை ஆட்டமும் உறுதி செய்கிறது. சூரியன் வந்ததும் ஜாம்பியும் எலும்புக்கூடும் எரிந்துபோகும், சிலந்தி சாதுவாகிவிடும், எல்லாம் முடிந்தது என்று கதவைத் திறந்து சோம்பல் முறிப்பீர்கள். க்ரீப்பர் எரியாது. ராத்திரி முழுக்க வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்துவிட்டு, நீங்கள் கதவைத் திறக்கிற சமயம் பார்த்துச் சீறும். மரத்தடி நிழலில் நிற்கிற எலும்புக்கூடும் எரியாது. எனவே ஜன்னல் வைத்துக் கட்டுங்கள். கண்ணாடியின் மேல் எதுவும் முளைக்காது என்பது உபரி லாபம்.

ஆட்டத்துக்கு வெளியே வருபவை

மொஜாங்கின் பட்டியலில் கொசு இல்லை. ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை, பாகூருக்கு வந்திருந்தால் அதைத்தான் முதலில் வைத்திருப்பார்கள். இருட்டில் செல்போன் திரையை மட்டும் எரியவிட்டுத் திண்ணையில் குந்தியிருக்கிற பிள்ளையைச் சாக்கடைக் கொசு தேடி வரும். இது இரவில் கடிக்கிற சாதி, அழுக்குத் தண்ணீரில் பெருகுவது, யானைக்கால் நோயைப் பரப்புவது. இந்தியாவிலேயே இதற்காக ஒரு ஆராய்ச்சி நிலையம் வைக்க இடம் தேடியபோது புதுவையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வி.சி.ஆர்.சி. 1975 முதல் இங்கே இருக்கிறது. 1980-களின் முற்பகுதியில் புதுவையில் குட்டை, சாக்கடைகளை ஒழுங்குபடுத்திக் கொசு முளைக்கிற இடத்தையே ஒழித்து யானைக்காலைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். முளைத்த பிறகு அடிப்பதைவிட முளைக்கிற இடத்தைக் கெடுப்பது என்பது பந்தம் நடுகிறவர்களின் தத்துவமும்தான். கொசுவலைக்குள் உட்கார்ந்து ஆடுங்கள். முதல் மழை பெய்த அன்று மட்டும் ஆடாதீர்கள். திரை வெளிச்சத்துக்கு ஈசல் வந்து மொய்த்து, ஃபோனில் பேய் எது ஈசல் எது என்று தெரியாது.

கட்டுவிரியன் விஷயத்தில் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். அது இரவில்தான் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் பதிந்த தடமும் சரியாகத் தெரியாது. ஆட்டத்தில் குகைச் சிலந்தியின் விஷம் ஏறினால் ஒரு வாளிப் பால் குடித்தால் உடனே இறங்கிவிடும். புதுவையில் பாண்லே பால் எத்தனை பாக்கெட் குடித்தாலும் விரியன் விஷம் இறங்காது. மந்திரித்தாலும் இறங்காது. சந்தேகம் வந்தாலே ஜிப்மர் மருத்துவமனைக்கு வண்டியை எடுக்க வேண்டும். விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு. கட்டிலில் படுங்கள், வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகுங்கள், கொல்லைக்குப் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். ஆட்டத்தில் பந்தம் இல்லாமல் ஓர் அடி வைக்காத பிள்ளை, கொல்லைப்புறத்துக்கு மட்டும் இருட்டில் வெறுங்காலோடு ஓடுவதன் காரணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தூங்குதல்

கடைசியாக, எல்லா ஆயுதங்களிலும் மலிவானது. மூன்று பலகை, ஒரே நிறத்தில் மூன்று கம்பளி. சேர்த்தால் கட்டில். படுத்தால் அந்த ஏழு நிமிடமும் சில நொடிகளில் கழிந்து பொழுது விடிந்துவிடும். பேய், பூதம், அம்பு, வெடி எதையும் பார்க்க வேண்டியதில்லை. நிபந்தனைகள் உண்டு. அந்தி முற்றுவதற்கு முன் கட்டில் உங்களை ஏற்காது. “பொழுது சாயற நேரத்துல படுக்காத, மூதேவி வருவா” என்று சொன்ன அதே சட்டம். அருகில் ஏதாவது பேய் திரிந்தாலும் படுக்க விடாது, பக்கத்தில் பேய்கள் இருக்கின்றன என்று எச்சரிக்கை வரும். நெதர் என்ற பாதாள உலகத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் கட்டிலே வெடித்துவிடும். எங்கே படுக்கக் கூடாது என்ற ஆயாவின் பட்டியலில் வடக்கே தலை, வாசற்படி, உத்தரத்துக்குக் கீழே எல்லாம் உண்டு, நெதர் இல்லை. சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தூங்காமல் வீம்பு பிடித்தால்? மூன்று ஆட்ட நாள், அதாவது நம் கணக்கில் ஒரு மணி நேரம் படுக்காமல் இருந்தவன் தலைக்கு மேல் ஃபாண்டம் வட்டமிட ஆரம்பிக்கும். கிழிந்த இறக்கையோடு பச்சைக் கண்ணோடு மேலிருந்து பாய்ந்து கொத்தும். தூக்கத்தை விட்டவர்களை மட்டும் தேடி வருகிற பறவை இது. இந்த யோசனை எந்த அம்மாவுடையது என்று விசாரித்தால், அம்மாக்களுக்குச் சம்பந்தமே இல்லை. 2017-இல் நான்கு புதுப் பிராணிகளைக் காட்டி எது வேண்டும் என்று ஆடுகிறவர்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். பிள்ளைகள் இதையே ஜெயிக்க வைத்தார்கள். தூங்காதவனைத் தேடி வரும் என்று அப்போது சொல்லவில்லை. அது பிறகுதான் தெரிந்தது, 2018 ஜூலையில் ஆட்டத்துக்குள் வந்தும் சேர்ந்தது. வாக்குறுதியை முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

தனியாக ஆடினால் இதோடு கையேடு முடிந்தது. சேர்ந்து ஆடினால்தான் வம்பு. ஓர் உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் படுத்தால்தான் விடியும். ஒருவன் விழித்திருந்தாலும் மற்றவர்கள் கட்டிலில் கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டும். விடுமுறையில் எங்கள் வீட்டு உலகத்தில் பாகூரிலிருந்து இருவர், வில்லியனூரிலிருந்து அக்கா மகள், தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்திலிருந்து பெரியம்மா பேரன் ஒருவன். மூன்று பேர் படுத்துவிடுவார்கள். நான்காமவன் படுக்க மாட்டான்.

“டேய், படுறா. எல்லாரும் படுத்துட்டோம்.”

“இருக்கா, ஒரே ஒரு எலும்புக்கூடு. அடிச்சுட்டு வர்றேன்.”

“ஒன்னால எங்க தலைமேல ஃபாண்டம் வந்துடும்டா.”

“பூனை வெச்சிருக்கல்ல, அப்புறம் இன்னா?”

அது உண்மைதான், ஃபாண்டமும் பூனைக்குப் பயப்படும். அதனால் அவன் படுப்பதில்லை. மிரட்டியாயிற்று, கெஞ்சியாயிற்று, பெரியம்மாவுக்குத் தனியாக ஃபோன் போட்டுச் சொல்லியாயிற்று. பெரியம்மாவுக்கு எந்தக் கட்டிலில் படுக்கச் சொல்கிறோம் என்பது கடைசிவரை விளங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கே பாயில் படுத்துவிட்டானே என்றார். படுத்துக்கொண்டுதான் ஆடுகிறான்.

சோதித்துப் பார்த்ததில் பலன் தருவது ஒன்றுதான். அவர்கள் வீட்டு மோடத்துக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரண்ட் போனால் அவன் உலகத்தைவிட்டு மறைவான். மீதி மூன்று பேரும் கட்டிலில் இருப்பார்கள், நொடியில் இந்தப் பக்கம் விடிந்துவிடும். ஆகவே எதிர்க்கரையில் விளக்கு அணைகிறதா என்று மாடியில் நின்று பார்த்துச் சொல்ல ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை ஆயா எடுத்துக்கொண்டிருக்கிறார். கொசுவர்த்தி ஒன்று, வெற்றிலைப் பை, முழங்காலுக்குத் தைலம், ஒரு சேர். கூலி எதுவும் கேட்கவில்லை.